பூமாரிக்குப் போன நிழல்

எங்கள் கோமதி நகர் மூணாவது தெருவில், பதினேழாம் நம்பர் வீட்டு முற்றத்தில் நிற்கிற தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் அந்த முற்றத்தில் விழாது, தெருக்கோடியில் துணி தேய்க்கிற பூமாரி மேல்தான் விழும் என்பது அருப்புக்கோட்டையில் இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும், தெரியாமல் வருகிறவர்களுக்கு ஆட்டோக்காரர்களே வண்டியை நிறுத்திக் காட்டிவிட்டுத்தான் மேலே போவார்கள். அதில் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. ஏன் அப்படி விழுந்தது என்பதுதான் பேச்சு. அதற்குக் காரணமான காரியம் ஆறு வருஷம் என் வீட்டுச் சுவருக்குள்ளேயே இருந்தது, அதை இப்போது நானே சொல்கிறேன், நடுவில் யாரும் குறுக்கே பேசாதீர்கள், பேசினால் இதுதான் சாக்கு என்று பாதியில் நிறுத்திவிடுகிற ஆள் நான்.

என் பெயர் அரியநாயகம். பதினேழாம் நம்பர் வீடு என்னுடையது. தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவன். எவன் வேலி எவன் நிலத்தில் ஒரு சாண் தள்ளி நிற்கிறது என்று சங்கிலி பிடித்துக் கண்டுபிடித்து, சம்பந்தப்பட்டவனை ஊர் முன்னால் நிற்கவைத்து, "இது உனக்கு வெட்கமாயில்லையா?" என்று கேட்ட வாய் இது. கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருக்கும், அதையும் ஒளிக்கப்போவதில்லை.

ரிட்டயர் ஆன கையோடு இந்த வீட்டைக் கட்டினேன். என் மகனுக்கு அப்போது முப்பத்துநாலு வயது, பெண் அமையவில்லை, போகிற இடமெல்லாம் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். யாரோ சொன்னார்கள் என்று ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். அந்த ஆள் வீட்டுக்குள்ளேயே வரவில்லை, வாசற்படியில் நின்றபடி எதிரே கையை நீட்டினார். எதிரே தெரு ஓரத்தில் ஒரு வேப்பமரம், நாலு பேர் கைகோத்துப் பிடிக்கிற பருமன், அதன் அடியில் பூமாரியின் தள்ளுவண்டி. பதினைந்து வருஷமாக அந்த மரத்தடியில்தான் அவள் கரிப்பெட்டியை ஊதி ஊதி எங்கள் தெருச் சட்டைகளையெல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசலுக்கு நேர்குத்து சார். இது நிக்கிற வரைக்கும் இந்த வீட்டுல மேளம் கொட்டாது," என்றார் வாஸ்துக்காரர்.

"வேப்பமரத்த எப்படிங்க வெட்டுறது? மாரியாத்தா மரமாச்சே?"

"வெட்டுனாத்தான சார் பாவம்? தானாப் பட்டுப்போனா யாருக்கு என்ன?"

அந்தத் 'தானா' என்கிற வார்த்தை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுக்கிற நாளில் எங்கள் தெருவே பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடும், பூமாரியும் மஞ்சள் சேலை கட்டி, கையில் வேப்பிலை போட்ட சட்டியோடு போய்விடுவாள். அவள் அம்மனுக்கு நெருப்பைச் சுமந்துகொண்டு போன அந்த மத்தியானத்தில், நான் என் வீட்டிலிருந்து வயரை இழுத்து, டிரில்லிங் மிஷினை மாட்டி, அந்த மரத்தின் தூரில் கீழ்நோக்கிச் சாய்வாக ஏழு ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் மரத்தைப் பட்டுப்போகவைக்கிற பெருங்காயத்தைத் திணித்து, களிமண்ணால் அடைத்து, மேலே சாணி மெழுகி, கீழே கொட்டின மரத்தூளைப் பேப்பரில் கூட்டி அள்ளிக்கொண்டு வந்து குளித்தேன். ஏழு ஓட்டையும் ஒரே இடைவெளியில் இருந்தது. தொழில் சுத்தம்.

மறுநாள் என் மனைவி தனபாக்கியம் ரசத்துக்குப் பெருங்காயம் எடுக்கப்போய் வெறும் டப்பாவோடு வந்தாள்.

"ஏங்க, கட்டிப் பெருங்காயம் முழுசா இருந்துச்சே, எங்க?"

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

"பெருங்காயந் திங்கிற எலியா?" என்று கேட்டு, குளித்தும் வாடை போகாத என் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

ஆவணிக்குள் மரம் பட்டுப்போனது. முதலில் உச்சி, பிறகு பக்கக் கிளைகள், கடைசியில் பட்டை கையோடு உரிந்து வந்தது. தெருவே வந்து நின்று தடவிப் பார்த்து உச்சுக்கொட்டியது. எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெபமணி என் கேட் பக்கம் திரும்பி, "என்ன அண்ணாச்சி இது, திடீர்னு இப்படிப் பட்டுப்போச்சு?" என்று கேட்டார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

"தெனமும் கங்கு கங்கா அடியில கொட்டுனா வேரு வேகாதா?" என்றேன்.

ஒரே ஒரு வாக்கியம். அது தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி என் வீட்டு வாசலுக்கு வரும்போது ஊருக்கே தெரிந்த உண்மையாகிவிட்டிருந்தது. பூமாரி தினமும் சாயங்காலம் கரிப்பெட்டிச் சாம்பலைத் தண்ணீர் தெளித்து அவித்து அந்த மரத்தடியில்தான் கொட்டுவாள், பதினைந்து வருஷமும் கொட்டினாள், அத்தனை பேரும் பார்த்தார்கள், அவளும் இல்லை என்று சொல்லவில்லை. "தெரியாமச் செஞ்சுட்டேன்ய்யா," என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கும்பிட்டாள். என் வாசலிலும் கும்பிட்டாள். சங்கம் கூடி, இனி வண்டியைத் தெருக்கோடியில் டிரான்ஸ்பார்மர் பக்கத்துப் பொட்டலில்தான் போடவேண்டும் என்று தீர்மானம் போட்டது. அங்கே ஒரு எருக்கஞ்செடிகூடக் கிடையாது. தீர்மானத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

வாசற்குத்துப் போன பலன் என்ன தெரியுமா? மகன் ஓசூரில் தானாகவே ஒரு பெண்ணைப் பார்த்து, ரிஜிஸ்தர் ஆபீசில் தானாகவே கட்டிக்கொண்டு, எங்களுக்குப் போட்டோ அனுப்பினான். மேளம் எங்கேயும் கொட்டவில்லை.

வேம்பு போனதும் வீடு அடுப்பாகிவிட்டது. கிழக்கு வெயில் நேரே கூடத்துக்குள் வந்து உட்காரும், மத்தியானத்தில் சுவரைத் தொட முடியாது, மாடித் தொட்டித் தண்ணீரில் அரிசி வேகும். ஐப்பசியில் நான் நர்சரிக்குப் போய், "எது சீக்கிரம் பெருசா வளரும்? அதக் குடுங்க," என்று கேட்டேன்.

"தூங்குமூஞ்சி வளரும் சார். ஆனா அது ரோட்டோரத்து மரம், வீட்டுக்கு ஆகாது, வேரு சுவரைத் தூக்கிரும். புங்கை வைங்க, இல்ல ஒரு வேம்பு..."

"நான் கேட்டதக் குடுய்யா!" என்று கத்திவிட்டேன். அந்த ஆள் பாவம், பயந்துபோய்க் கன்றைச் சாக்கில் சுற்றித் தந்தார்.

மூன்றடிக்குக் குழி தோண்டி, கரிசல் மண்ணை எடுத்துவிட்டுச் செம்மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து நிரப்பி, சமையற்கட்டில் குடிதண்ணீர் மிஷின் கழித்துவிடுகிற தண்ணீரைக் குழாய் போட்டு அதன் காலடிக்கே விட்டேன். முதல் வருஷம் என் தோளுக்கு வந்தது, இரண்டாம் வருஷம் ஜன்னலுக்கு மேலே போனது, மூன்றாம் வருஷம் மாடியைத் தொட்டுக் கை விரித்தது, நாலாம் வருஷம் காம்பவுண்டுச் சுவரைத் தூக்கிக்கொண்டு தெருவில் பாதியை மூடி, குஞ்சம் குஞ்சமாக இளஞ்சிவப்புப் பூப் பூத்து, சாயங்காலமானால் இலையெல்லாம் மடித்துக்கொண்டு தூங்கி, காலையில் என்னோடு சேர்ந்து கண்விழித்தது. ஐந்தாம் வருஷக் கோடையில்தான் அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தேன். சொர்க்கம்தான். தலையைத் திருப்பினால் தெருக்கோடிப் பொட்டலில் பூமாரி தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு தேய்ப்பது தெரியும். ஆகவே நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த சித்திரையில், புதுவருஷம் பிறந்த மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு, அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தபோது மண்டை சுட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மரம் இருந்தது, இலை அடர்ந்து இருந்தது, ஆகாயம் துளிகூடத் தெரியவில்லை, ஆனால் என் மேல் வெயில் அடித்தது, முற்றம் முழுக்க வெள்ளை வெளேரென்று வெயில், நாற்காலியின் நிழல் இருந்தது, என் நிழல் இருந்தது, மரத்தின் நிழல் மட்டும் இல்லை. அது தெருக்கோடியில் பூமாரியின் வண்டி மேல் கிடந்தது. போய்ப் பார்த்தேன். என் மரத்தில் எங்கே கிளை பிரிகிறதோ அங்கே பொட்டலில் நிழல் பிரிந்தது, என் மரத்தில் ஒரு காக்கை உட்கார்ந்தால் அங்கே தரையில் ஒரு காக்கை நிழல் வந்து உட்கார்ந்தது, பூமாரி அதைக் கரண்டியால் விரட்டினாள்.

எங்கள் தெரு இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. முதல் நாள் கூட்டம் போட்டார்கள், டிரான்ஸ்பார்மர் பக்கம் நிழல் விழுந்தால் கரண்டுக்கு ஆபத்து உண்டா என்று லைன்மேனைக் கேட்டார்கள், அவர் நிழலில் நின்று பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லித் தன் பைக்கையும் அங்கேயே நிறுத்தினார். நான் சங்கிலியை எடுத்துவந்து அளந்தேன், நூற்று அறுபத்திரண்டு மீட்டர் தள்ளி விழுகிறது என்று எழுதிக் கொடுத்தேன், ஜெபமணி அதை மினிட் புத்தகத்தில் ஒட்டிவைத்தார். காய்கறி வண்டி அங்கே போய் நின்றது, ஸ்கூல் வேன் ஸ்டாப் அங்கே மாறியது, தெருநாய்கள் குடும்பத்தோடு குடிபெயர்ந்தன. பக்கத்து வீட்டுப் பெண்கள் கூச்சமேயில்லாமல் என் மரத்தடியில் பாய் விரித்து வத்தல் காயப்போட்டார்கள், தெருவிலேயே அங்கேதான் வெயில் நன்றாக அடிக்கிறது என்று சொன்னார்கள்.

பத்து நாள் கழித்து பூமாரி ரேஷன் கடைக்குக் கிளம்பினாள், நிழலும் கிளம்பியது. அவள் போகிற பக்கமெல்லாம் நாற்பதடி அகலத்துக்கு அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டே போனது. அன்றிலிருந்து எங்கள் தெருப் பெண்கள் தனியாக எங்கேயும் போவதில்லை. "பூமாரி எத்தன மணிக்குக் கெளம்புறாளாம்?" என்று கேட்டுவைத்துக்கொண்டு, ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் இருபது முப்பது பேர் அவளோடு சேர்ந்து நடந்தார்கள். மரத்தைக் கொன்றவள் என்று ஆறு வருஷமாக அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்தான் எல்லோரும், இப்போது அவள் தோளை உரசிக்கொண்டு போனார்கள். அவளுக்கும் நடக்கிற நடையில் ஒரு நிமிர்வு வந்திருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னைப் புகழ ஆரம்பித்தார்கள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "சர்வேயர் சார் மனசுதான் அப்படி நெழலாப் போகுது," என்றார்கள். "தன் வீட்ட வேகவிட்டுட்டு இல்லாதவளுக்குக் குடுக்கிறாரே, யாருக்கு வரும்?" என்றார்கள். பூமாரி என் சட்டைகளை வாங்கிப்போய்த் தேய்த்து, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து வைத்து, கூலி வேண்டாம் என்று கும்பிட்டாள்.

"மரத்தக் கொன்ன பாவி நான். எனக்கே நெழல அனுப்புறீகளே, நீங்க நல்லா இருக்கணும்ய்யா!"

அந்தச் சட்டைகளை என்னால் போட முடியவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினேன். வெறும் பனியனோடு வீட்டுக்குள் நடந்தேன். ஒருநாள் ஆத்திரத்தில் அரிவாளை எடுத்து மரத்தில் ஒரு கிளையை வெட்டிவிட்டேன், கிளை இங்கே விழுந்த நிமிஷம் அங்கே பூமாரியின் பிடரியில் வட்டமாக வெயில் விழுந்தது, ஜெபமணி மூச்சிரைக்க ஓடிவந்து, "அண்ணாச்சி, அந்தம்மா கழுத்து சுடுது, நிறுத்துங்க!" என்றார். அன்றே கூடி, மரத்தில் கை வைக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதிலும் நான் கையெழுத்துப் போட்டேன்.

வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். வேண்டாம் என்றேன். தன்னடக்கம் என்றார்கள். மேடையைத் தெருக்கோடியில் என் மர நிழலிலேயே போட்டு, மைக் செட் கட்டி, பூமாரி கையால் எனக்குப் பொன்னாடை போர்த்தச் சொன்னார்கள். அவள் போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தாள். அவளுக்குப் பேச வரும் என்று யாருக்கும் தெரியாது.

"எம் மக காளீஸ்வரிய ஒங்களுக்கெல்லாம் தெரியும். வேப்பமரத்தடியில ஒக்காந்துதான் அவ அனா ஆவன்னா எழுதிப் படிச்சது. திருச்சுழிப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கேன். மூணு புள்ள தங்குச்சு, மூணும் வயித்துலேயே போயிருச்சு. மரம் பட்டுப்போனதுக்குப் பெறகுதான் எல்லாம். ஆத்தா மரத்த அவிச்சுக் கொன்னா ஆத்தா சும்மா விடுவாளா? மூணு ஆடியா கோயில் தரையில மண்சோறு தின்னுட்டேன். எலையில்லாம, வெறுந்தரையில கொட்டி, கையப் பின்னால கட்டிக்கிட்டு, வாயால எடுத்துத் தின்னேன்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பேசினாள்.

"இப்ப நாலாவது, ஆறாம் மாசம் ஆரம்பிக்கப் போகுது. ஆடி கடைசி வெள்ளிக்கு அவளையும் இருக்கன்குடி ஆத்தா கோயிலுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போயி மண்சோறு திங்கவைக்கிறேன்னு நேந்திருக்கேன். டாக்டரம்மா படி ஏறக் கூடாது, படுத்தே இருக்கணும்னு சொல்லுது. மொதல்ல எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. இப்ப ஐயா நெழலுதான் கூடவே வருதே! ரெண்டு நாள் நடையும் நெழல்லயே போயிருவோம். இனி எம் புள்ளைக்கு என்ன பயம்?"

கை தட்டினார்கள். அங்கேயே நாற்பது பெண்கள் கூட நடப்பதற்குப் பெயர் கொடுத்தார்கள். மைக்கை என் கையில் கொடுத்தார்கள். பொன்னாடைக்குள் வேர்த்து ஊற்றியது, அத்தனை முகமும் என்னைப் பார்த்துச் சிரித்தது. சொல்லியிருக்கலாம். நான் "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது மடல் கொதிக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தனபாக்கியம் பொன்னாடையை மடித்தாள்.

"இத எங்க வைக்க?"

"பீரோல வை."

"காலிப் பெருங்காய டப்பா கெடக்கே, அது பக்கத்துல வைக்கட்டுமா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "தெரிஞ்சுக்கிட்டு நீயும் சும்மாதான இருந்த?" என்று கத்தினேன்.

"ஆமா. நானும் சும்மாதான் இருந்தேன்," என்றாள் அவள், கத்தாமல். "அதுக்குத்தான் ஆறு வருசமா நம்ம வீட்டு ரசத்துல பெருங்காயம் போடுறதில்ல. நீங்க ருசி பாத்துத் தின்னாத்தானே தெரியும்?"

அதற்கப்புறமும் நான் சொல்லவில்லை. சுற்றுவழி தேடினேன். பூமாரியிடம் போய், வேன் ஏற்பாடு செய்கிறேன், பிள்ளையை நடக்கவிடாதே என்றேன். வேனில் போனால் பாவம் இறங்குமா என்று கேட்டாள். மரம் உன்னால் சாகவில்லை, அது ஏதோ பூச்சி அரித்துச் செத்தது என்றேன். "ஒங்களுக்குப் பெரிய மனசுய்யா, அதான் இப்படிச் சொல்றீக," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திருச்சுழிக்கே பஸ் ஏறிப்போய்க் காளீஸ்வரியின் மாமியாரிடம் டாக்டர் சொன்னதைக் கேளுங்கள் என்று மன்றாடிப் பார்த்தேன். அந்த அம்மாள் எனக்கு மோர் கொடுத்து, "நெழல் குடுக்கிற சார் நீங்கதானா?" என்று காலைத் தொட வந்தார். ஆனி போனது, ஆடி பிறந்தது. சொல்லாமல் காரியம் நடக்க ஒரு வழி கிடைக்காதா என்று நான் தேடித் தேடி அலைந்ததில் நாள்தான் போனது.

ஆடி கடைசி வாரம் புதன்கிழமை. இரவு எல்லோரும் கூடி, மறுநாள் விடியற்காலை நடை தொடங்குவதாக ஏற்பாடு. சாயங்காலம் காளீஸ்வரி பஸ்ஸில் வந்து இறங்குவதாக இருந்தது. காலை பத்து மணிக்கு நான் பனியனோடு, செருப்பில்லாமல் தெருவில் இறங்கி நடந்தேன். வண்டிப் பக்கத்தில் ஜெபமணி தன் சட்டைக்காக நின்றுகொண்டிருந்தார், நாலைந்து பெண்கள் யார் யார் என்னென்ன கட்டிக்கொண்டு வருவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நிழலுக்குள் போகாமல் விளிம்பிலேயே நின்றேன்.

"பூமாரி, அந்த மரத்த நாந்தான் கொன்னேன்."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "வெயில்ல நிக்காதீகய்யா, உள்ள வாங்க."

"நெசமாச் சொல்றேன். தீச்சட்டி அன்னைக்கு. டிரில் போட்டு, பெருங்காயம் வச்சேன். வாஸ்துக்காக. உன் கங்குனாலதான் செத்துச்சுன்னு மொதல்ல வாயத் தொறந்து சொன்னவனும் நாந்தான்."

ஜெபமணி என் கையைப் பிடித்தார். "அண்ணாச்சி, அந்தப் புள்ள நடக்கக் கூடாதுங்கிறதுக்காக நீங்க இப்படிப் பழிய ஏத்துக்கிறது..." என்று ஆரம்பித்தார். பெண்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அப்படி நம்புவதுதான் வசதியாக இருந்தது. எனக்கும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அதையே பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பூமாரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எத்தன ஓட்டை?"

"ஏழு."

"எதுல அடச்சீக?"

"களிமண்ணு. மேல சாணி மெழுகுனேன்."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"தீச்சட்டி எறக்கிட்டு வந்து பாத்தேன். தூருல ஏழு எடத்துல சாணி மெழுகியிருந்துச்சு. நல்ல நாளு, யாரோ புண்ணியவான் ஆத்தாளுக்கு மெழுகி வச்சிருக்காகன்னு நெனச்சேன். ஏழுக்கும் குங்குமம் வச்சுக் கும்புட்டேன்."

அதை நான் அன்றைக்கே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவ்வளவு சொன்ன நான் அதை மட்டும் உங்களிடமும் மறைத்துவிட்டிருந்தேன். அவள் ஒவ்வொரு ஓட்டையையும் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

ஜெபமணி என் கையை விட்டுவிட்டார். பூமாரி சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லை எட்டி உதைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குப் போனாள், நிழல் கூடவே போனது, மேலும் தள்ளினாள், மேலும் போனது, பொட்டலின் அந்தக் கடைசிவரைக்கும் தள்ளி, வண்டியை விட்டுவிட்டுத் தான் மட்டும் ஓடினாள், நிழல் வண்டியை விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடியது. மூச்சு வாங்க நின்று திரும்பினாள்.

"இதப் போகச் சொல்லுங்க! எனக்கு வேணாம் இது!"

"நான் சொன்னாக் கேக்காது பூமாரி."

"மண்ணத் தின்னேனே! நாலு பேரு பாக்க மண்ணோட சோத்தத் தின்னேனே! ஒங்க வாசல்ல வந்து கும்புட்டேனே, அப்ப வாய்ல என்ன வச்சிருந்தீக?"

ஐயா என்கிற சொல் அவள் வாயிலிருந்து போய்விட்டது, அதை நான் கவனித்தேன், அது சரிதான் என்றும் பட்டது. அத்தனை பேர் முன்னால் நான் அழுதேன். யாரும் அழாதீர்கள் என்று சொல்லவில்லை.

அவள் இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்து நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைத் தட்டி, என் கையில் வைத்தாள்.

"அவகிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"யம்மா, துணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன், மூணு மணி பஸ்ஸுக்கு..." என்றது காளீஸ்வரியின் குரல்.

"நான் சர்வேயர் பேசுறேம்மா," என்றேன். முழுக்கச் சொன்னேன். ஏழு ஓட்டையையும் சொன்னேன், பெருங்காயத்தையும் சொன்னேன், கங்கு என்று நான் சொன்ன அந்த வாக்கியத்தையும் சொன்னேன். உன் அம்மா எந்தப் பாவமும் செய்யவில்லை, நீ நடக்க வேண்டாம், யாரும் எதுவும் திங்க வேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுவது கேட்டது.

"அப்ப எம் புள்ளைங்க மூணும் எதுக்கு சார் போச்சு?" என்று கேட்டாள் காளீஸ்வரி.

முப்பத்திரண்டு வருஷம் ஊரையெல்லாம் கேள்வி கேட்டவன் நான். பொட்டலில் நின்ற அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். பூமாரி பக்கத்தில் வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அது அவருக்குத் தெரியாதும்மா," என்றாள். "அவரு மரத்த மட்டுந்தான் கொன்னாரு. நீ வர வேணாம், படுத்துக்க."